வாங்கி வந்ததா, செய்து வந்ததா?

மலைவாச ஸ்தலத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களை வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சௌக்கியமாய்ப் போய் வந்தீர்களா?" என்பது. இது மரியாதைக்காகக் கேட்கப்படுவது. இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. "எனக்கு என்ன வாங்கி வந்தாய்?" என்று குழந்தைகள் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறார்கள், பெரியவர்கள் பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான், ஊருக்குத் திரும்பும் நாளன்று ஜனங்கள் கடைவீதியில் அலைமோதுகிறார்கள். ஏற்காட்டு ஏரிக்கரையிலும் சீமாட்டி ஆசனத்துக்குப் போகும் வழியிலும் இந்தக் காட்சியை எந்த விடுமுறை நாளிலும் காணலாம். மிளகும் காப்பித்தூளும் தைலமும் வாங்குகிறவர்களைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. அவை மலைச் சரக்குகள். ஆனால் பிளாஸ்டிக் பொம்மையும் சாவிக்கொத்தும் எந்த மலையில் விளைந்தன? ‘ஏற்காடு’ என்று எழுதியிருக்கும் சாவிக்கொத்தில் அந்த நாலெழுத்தைச் சுரண்டிவிட்டால், அதையே உதகமண்டலத்துச் சாவிக்கொத்தென்றும் கொடைக்கானல் சாவிக்கொத்தென்றும் சொல்லி விற்கலாம். செல்போனில் விரலை வைத்தால் மறுநாளே சாமான் வாசலில் வந்து இறங்குகிற இந்தக் காலத்தில், அதை வாங்குவதற்காக மலை ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம்மவர்களுக்குக் கொடுக்கும் பரிசைக் கடையில் வாங்காமல் கையால் செய்து கொடுத்தால் என்ன? அதற்கு வேண்டிய சாமான்களைச் சேர்வராயன் மலை எவ்வளவு தாராளமாக வழங்குகிறது என்பதையும், அப்படிச் செய்வதனால் உண்டாகும் ஒரு பெரிய லாபத்தையும் பற்றி இந்த வாரம் சொல்ல உத்தேசம்.

கையால் செய்து கொடுப்பது ஏதோ காசில்லாதவர்களின் யுக்தி என்று யாரும் எண்ண வேண்டாம். நமது தேச சரித்திரத்திலேயே இதற்குப் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைச் சிறையில் அடைத்த அரசாங்கத்தின் மந்திரி ஜெனரல் ஸ்மட்ஸ். 1914-ம் வருஷத்தில் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, காந்தியடிகள் தம் கையால் தைத்த ஒரு ஜோடிச் செருப்பை அந்த எதிராளிக்கே பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகாலங்களில் அணிந்து, 1939-ல் காந்தியடிகளின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி மரியாதையுடன் திருப்பி அனுப்பினார். 1947 நவம்பரில் இங்கிலாந்து ராஜகுமாரி எலிசபெத்துக்குக் கல்யாணம் நடந்தது. தங்கமும் வைரமும் வந்து குவிந்த அந்தக் கல்யாணத்துக்குக் காந்தியடிகள் அனுப்பியது, தாமே நூற்ற நூலால் பின்னிய ஒரு துணி.

குடும்பத்துக்குள்ளேயே நடந்த உதாரணமும் உண்டு. 1942 மார்ச்சில் இந்திராவின் கல்யாணத்தில் அவர் உடுத்திய இளஞ்சிவப்புக் கதர்ச் சேலை, தகப்பனார் ஜவஹர்லால் நேரு சிறைக்குள் நூற்ற நூலால் நெய்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு, 1930-ல், மகளின் பதிமூன்றாவது பிறந்த நாள் வந்தபோது நேரு நைனிச் சிறையில் இருந்தார். சிறையிலிருந்து பொம்மையோ பட்டுப் பாவாடையோ வாங்கி அனுப்ப முடியாது. ஆகவே கடிதம் எழுதினார். அப்படி ஆரம்பித்த கடிதங்கள் பின்னால் உலக சரித்திரப் புத்தகமாகவே ஆகிவிட்டன.

சாதாரணக் குடும்பஸ்தர்களாகிய நமக்குச் சரித்திரம் எழுத வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. ஏற்காட்டுக்குப் போய் வந்தால் போதும்.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து அமைந்த பெயர். 1820 முதல் 1829 வரையில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டு வந்து வைத்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அதற்காக ஆஸ்திரேலியா தேசத்து மரமாகிய சில்வர் ஓக் தோட்டந்தோறும் நடப்பட்டது. அந்த மரத்தின் மேல் மிளகுக் கொடி ஏறியது. இடையிடையே ஆரஞ்சும் பலாவும் வளர்ந்தன. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய இவற்றோடு, மலைக்கே சொந்தமான கடுக்காயும் இருக்கிறது. நமது பரிசுக் கடைக்கு வேண்டிய சரக்கு இவ்வளவுதான்.

முதலாவதாக, பொங்கல் வாழ்த்து மடல். ஒரு காலத்தில் தை மாதப் பிறப்புக்கு முன்னால் தபால்காரர் பை நிறைய வாழ்த்து மடல்கள் கொண்டு வருவார். இப்போது ஒரே படத்தை ஒருவர் அனுப்ப, அதையே நூறு பேர் நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாழ்த்துகிறவரின் கை அதில் எங்கும் படுவதில்லை. இதற்கு மாற்று, சில்வர் ஓக் இலை. பெரணி இலையைப் போல் நறுக்கு நறுக்காகப் பிரிந்து, மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெள்ளிப்பூச்சுப் போலவும் இருக்கும். தோட்டத்துப் பாதைகளில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினாலே போதும். பழைய தினசரிக் காகிதங்களுக்கு நடுவே இலைகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வைக்க வேண்டும். முதல் மூன்று நாட்கள் தினம் ஒருமுறை காகிதத்தை மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் காரியம் கெட்டுவிடும். ஏற்காட்டு மூடுபனியின் ஈரம் இலையில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பத்து நாட்களில் இலை காகிதம் போல் ஆகிவிடும். பிறகு அரிசிக் கஞ்சிப் பசையை மெல்லிசாகத் தடவி, கெட்டியான காகிதத்தில் வெள்ளிப்புறம் தெரியும்படி ஒட்ட வேண்டியதுதான். பச்சை நிறம் நாளாவட்டத்தில் மங்கும். வெள்ளி அவ்வளவு சீக்கிரம் மங்காது.

இரண்டாவது, காப்பிச் சித்திரம். தமிழர்கள் காப்பியை வேண்டிய மட்டும் குடித்திருக்கிறார்கள். அதைக்கொண்டு படம் எழுதலாம் என்பது அநேகருக்குத் தெரியாது. கெட்டியான டிகாக்ஷன் ஒரு டம்ளர் எடுத்து, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மந்தமான தீயில் கால் டம்ளராகக் குறுக்க வேண்டும். கொஞ்சம் கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்த்தால் வர்ணம் காகிதத்தைப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கலந்தால் வெளிறிய பழுப்பு. ஒரு பூச்சு உலர்ந்த பிறகு அதன் மேல் மறு பூச்சு கொடுத்தால் அழுத்தமான பழுப்பு. நாலைந்து பூச்சில் ஏறக்குறையக் கறுப்பு. ஒரே வர்ணத்தில் நிழலும் வெளிச்சமும் கிடைத்துவிடுகின்றன. ஆகையால் தாத்தாவின் பழைய புகைப்படத்தைப் பார்த்து எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான வர்ணம் கிடையாது. தூரிகையை அலசும் டம்ளரையும் குடிக்கும் டம்ளரையும் எட்ட எட்ட வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கடுக்காய் மை. நாலைந்து கடுக்காய்களைக் கொட்டை நீக்கி நசுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். கிடைக்கும் சாறு மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்பு உப்பில் ஒரு சிட்டிகையை அதில் போட்டதும் சாறு கறுத்துவிடும். குழந்தைகள் இதைப் பார்த்து மாயமந்திரம் என்று கைகொட்டுவார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்புடன் கூடுவதால் உண்டாகும் கறுப்பு அது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பை ஊறவைத்த வெல்லத் தண்ணீரைத் தொட்டுக் கோடு இழுக்கும் கலம்காரிச் சித்திரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் ரகசியமும் இதுவே. அன்னபேதி அதிகமாய்ப் போனால் நாளடைவில் காகிதத்தை அரித்துவிடும். சிட்டிகைக்கு மேல் கூடாது. பெரியவர்களே அதைக் கையாள வேண்டும். எழுதும்போது எழுத்துச் சற்று வெளிறித் தோன்றினாலும், காற்றுப் படப்படக் கறுப்பு ஏறும். இந்த மையினால் பாட்டியின் கைப்பக்குவங்களை, அவர் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் புதிதாகக் கல்யாணமான பேத்திக்குக் கொடுக்கலாம். "ஒரு கை உப்பு" என்று பாட்டி சொன்னால் அப்படியே எழுதிவிட வேண்டும். கரண்டிக் கணக்காக மாற்றினால் ருசி போய்விடும், பாட்டியும் போய்விடுவாள்.

நாலாவது, பாட்டிக்கே உரிய பரிசு. ஆரஞ்சுத் தோலின் உள்வெள்ளையை நீக்கி, மொரமொரவென்று உடையும்படி வெயிலில் உலர்த்த வேண்டும். அதனுடன் ஒரு பிடி மிளகும், இடித்த வசம்புத் துண்டுகளும் சேர்த்து, பழைய வேஷ்டித் துணியில் சிறு பைகளாகத் தைத்து முடிந்துவிட்டால், பட்டுப் புடவை வைக்கும் பெட்டியில் போட்டு வைக்கலாம். பூச்சி அண்டாது, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மலைவாசனை வீசும். பைமீது பாட்டியின் பெயரின் முதலெழுத்தை நூலால் பின்னுவது பத்து வயதுப் பையனுக்கும் முடியும். தையல் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்லும் பையன்களுக்கு, ஜெனரல் ஸ்மட்ஸின் செருப்பைத் தைத்தது யார் என்பதை நினைவூட்டலாம்.

இவற்றுக்கெல்லாம் சாமான் சேகரிக்கும்போது ஒரு தர்மத்தை மறக்கக் கூடாது. உதிர்ந்ததைப் பொறுக்கலாம், தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கலாம், காட்டுக்குள் புகுந்து பறிக்கக் கூடாது. முக்கியமாக, மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடியைப் பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கிறது. இந்த அருமையான இனங்களைப் பாதுகாப்பதற்காகவே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையார் ஏற்காட்டில் 1963-ல் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அங்கே போய்ப் பார்த்து, அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவது உத்தமம். பறித்து வந்த செடி சமவெளி வெயிலில் ஒரு மாதம் தாங்காது. எழுதி வந்த படம் சுவரில் பல வருஷம் இருக்கும். குன்றிமணியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க அதைப்போல் அழகான விதை கிடையாது. ஆனால் மென்றால் உயிருக்கே ஆபத்தான விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கோத்து மாலையாக்குவது வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இரண்டு விதமான ஆட்சேபங்களை நேயர்கள் கிளப்பக்கூடும். "இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பது ஒன்று. கடைவீதியில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் அலைந்து கழிக்க நேரம் கிடைக்கிறவர்களுக்கு, அதே நேரத்தில் நாலு வாழ்த்து மடல் செய்யவும் கிடைக்கும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது. "எல்லோரும் வீட்டிலேயே செய்துகொண்டால், கைத்தொழிலை நம்பிப் பிழைக்கிறவன் என்ன ஆவான்? கூடை முடைகிறவனும், பொம்மை செய்கிறவனும், நெசவாளியும் பட்டினி கிடப்பதா?" என்று கேட்பவர்களை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன், ஏற்காட்டில் வாழ்ந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1863-ல் சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கோடாரியைக் கண்டெடுத்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டில் வசித்தார். 1912-ல் காலமான அவருடைய ஞாபகச் சின்னம் ஏற்காட்டு மாதா கோயில் ஒன்றில் இருக்கிறது. சேர்வராயன் மலையிலும் வழவழவென்று தேய்த்து மெருகிட்ட புராதனக் கற்கோடாரிகள் அகப்பட்டன. மலைவாசிகள் அவற்றை எடுத்து வந்து பிள்ளையார் சந்நிதிகளில் வைத்திருந்தார்கள். எந்தக் காலத்தில், யார் செய்த கோடாரி என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கரடுமுரடான கல்லை அவ்வளவு வழவழப்பாக்க எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்பதைக் கையால் உழைக்கிறவர்கள் பார்த்தவுடனே அறிந்திருப்பார்கள். வேலைப்பாட்டின் அருமை, வேலை செய்து பார்த்த கைக்குத்தான் புரியும்.

ஆட்சேபத்துக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. வழியோரத்தில் மூங்கில் கூடை விற்பவரிடம் நாம் என்ன செய்கிறோம்? அவர் ஒரு விலை சொன்னால் அதில் பாதிக்குக் கேட்கிறோம். மோட்டாருக்குப் போடும் பெட்ரோலில் பேரம் இல்லை. ஹோட்டல் அறை வாடகையில் பேரம் இல்லை. கூடைக்காரரிடம் வந்ததும் நமது சாமர்த்தியமெல்லாம் விழித்துக்கொள்கிறது. இது கல்நெஞ்சத்தினால் வருவதென்று சொல்ல மாட்டேன். மூங்கிலைக் கீறி, சிம்பு வாங்கி, கையைக் கிழித்துக்கொண்டு, வட்டம் கோணாமல் ஒரு கூடை முடைய எவ்வளவு நேரமாகும் என்பது நமக்குத் தெரியாது. தெரியாததனால் வாய் கூசாமல் கேட்டுவிடுகிறோம்.

ஒரு குழந்தை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஒரே ஒரு வசம்புப் பையைத் தைத்து முடிக்கட்டும். மறுநாள் அதே மாதிரிப் பை ஒன்றைக் கடையில் இருபது ரூபாய்க்குப் பார்த்தால், "இவ்வளவு விலையா?" என்று கேட்காது. "இவ்வளவுதானா? அப்படியானால் தைத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை உண்டானால், கைத்தொழிலாளிக்கு அதைவிடப் பெரிய ஆதரவு வேறென்ன வேண்டும்?

கதர் இயக்கம் இந்தப் பாடத்தைச் சொந்த அநுபவத்தில் கற்றுக்கொண்டது. சேர்வராயன் மலைக்குத் தெற்கே, திருச்செங்கோட்டுக்கு அருகில், புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். அன்று சேலம் ஜில்லாவாக இருந்த அந்தப் பகுதி இன்று நாமக்கல் ஜில்லாவில் சேர்ந்திருக்கிறது. மழை பொய்த்த கிராமங்களில் ராட்டினம் சுற்றிக் கிடைத்த கூலி பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது. ஆயினும் நூற்பவளின் கூலி மிகவும் சொற்பமாகவே இருந்தது. மலிவாகக் கொடுத்தால்தான் கதர் விற்கும் என்பது அன்றைய வாதம். 1935-ல் காந்தியடிகளின் வற்புறுத்தலின் பேரில் அகில இந்திய சர்க்கா சங்கம், நூற்பவளுக்கு வயிறு நிறையும்படியான கூலி வேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. கதர் விலை ஏறும், விற்பனை விழும் என்று அஞ்சியவர்கள் உண்டு. தினம் தாமே ராட்டினத்தின் முன் உட்கார்ந்து நூற்றவர், ஒரு சிட்டத்துக்கு எத்தனை நாழிகை என்பதை அறிந்தவர். ஆகையால் மலிவு வாதம் அவரிடம் எடுபடவில்லை.

காப்பிச் சித்திரம் எழுதும் குழந்தைக்கு அந்தக் காப்பி எப்படி வந்தது என்பதையும் சொல்லலாம். மாசி, பங்குனியில் பெய்யும் மழைக்குப் பூத்து, கார்த்திகை முதல் தை வரையில் பழுக்கிறது. எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. ஆகவே பச்சையை விட்டுச் சிவப்பை மட்டும் பார்த்துப் பார்த்து, பனியில் விறைத்த விரல்களால் பறிக்க வேண்டும். ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை. அப்படிப் பறிப்பவர்களில் இந்த மலையின் பூர்வ குடிகளாகிய மலையாளிப் பெண்களும் இருக்கிறார்கள். பெயரைக் கண்டு கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ் பேசும் மலைவாசிகள் இவர்கள். மே மாதத்தில் மலையுச்சிக் குகைக் கோயிலில் சேர்வராயனுக்குத் திருவிழா எடுப்பவர்களும் இவர்களே. நாம் பொங்கல் கொண்டாடும் நாளில் அவர்களுக்குக் காப்பி அறுவடைக் காலம்.

வரும் விடுமுறையில் ஏற்காட்டுக்குப் போகும் நேயர்கள் ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும், பழைய தினசரிகளும், ஊசிநூலும் எடுத்துக்கொண்டு போகட்டும். செய்த பரிசின் மூலையில் செய்தவர் பெயரையும், இடத்தையும், தேதியையும் எழுதி வைக்கட்டும். இருபது வருஷம் கழித்து அதற்கு மதிப்பு உண்டாகும். மலையிலிருந்து இறங்குகிற நாளில், கையால் செய்த பொருள் ஒன்றையாவது அதைச் செய்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே வாங்கட்டும். வீட்டுக்கு வந்ததும், "என்ன விலை கொடுத்தாய்?" என்று யாராவது கேட்டால், பதிலைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.